ஆற்றில் வந்த ஆறு

கம்மனஹள்ளியில்
குளியலறைச் சாமான் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
லிஃப்ட் ஓடாத மாதம். ராத்திரி ஒன்றே முக்கால்.
என் கையில் ஜோடி ஆறு.
தேவய்யா கையில் ஜோடி ராஜா.
இருந்ததையெல்லாம் இருவரும் நடுவில் தள்ளிவிட்டோம்.

தள்ளியிருக்கக் கூடாது நான்.
மூன்று மணி நேரமாக
வந்த சீட்டையெல்லாம் கவிழ்த்துக்கொண்டு
ஆறிப்போன வடையைக்கூடத் தொடாமல் இருந்தவன்
திடீரென்று காசை நகர்த்தினால்
எழுந்து போய் முகம் கழுவிக்கொள்ள வேண்டும்.
அன்றைக்கு எனக்கு அது தெரியாது.
தெரியாததற்குத் துணிச்சல் என்று பெயர் வைத்திருந்தேன்.

நான்கு சீட்டு விழுந்து முடிந்தது. எனக்கு ஒன்றுமில்லை.
மிச்சம் நாற்பத்து நான்கில்
என்னைக் காப்பாற்றக்கூடியவை இரண்டு.
கடைசிச் சீட்டை ரிவர் என்பார்கள்.
டீலர் பெண் லால்ரெமி
கொட்டாவியை அடக்கியபடி அதைத் திருப்பினாள்.

ஆட்டீன் ஆறு.

ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றில்லாத ஊரில்
ஆற்றில் எனக்கு ஆறு வந்தது.

தேவய்யா மேசையை இரண்டு முறை தட்டினான்.
சென்னாகி ஆடிதெ என்றான்.
நன்றாக ஆடியது நானில்லை. இருவருக்கும் தெரியும்.
இறங்கிப் போனவன்
ஹெல்மெட்டை மறந்துவிட்டு
மறுபடி மூன்று மாடி ஏறி வந்தான்.
அப்போது நான் பணம் எண்ணிக்கொண்டிருந்தேன்.
அவன் கண்ணை எப்படிப் படித்தாய் என்று
சுற்றி நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
நான் சிரித்தேன்.
அதற்குப் பிறகு எத்தனையோ பொய் ஆடியிருக்கிறேன்,
மேசைக்கு வெளியே ஆடியது அது ஒன்றுதான்.

நாலு லட்சத்து இருபதாயிரம்.
மாரத்தஹள்ளி ஆபீசுக்கு ராஜினாமா அனுப்பினேன்.
அவென்யூ ரோட்டில் கணக்கு நோட்டு வாங்கினேன்.
வரவு செலவுக் கட்டங்களை அடித்துவிட்டேன்.
சரி, தப்பு. அவ்வளவுதான்.
சரியாக ஆடித் தோற்ற ராத்திரிகளில்
சரி என்று எழுதக் கை வராது.
எழுதப் பழக இரண்டு வருஷம் ஆனது.
நூறு கைக்கு எண்பதைக் கவிழ்க்க இன்னொன்று.
பார்க்கிறவன் தூங்கிவிடுவான், அத்தனை அழகு.
பல்வலி நாளில் உட்காரக் கூடாதென்று கற்றேன்.
அக்காவோடு சண்டை போட்ட நாளில் மட்டும்
இன்னும் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

லால்ரெமியிடம் ஒருநாள் கேட்டேன்.
அவளுக்கு அந்தச் சீட்டு ஞாபகமில்லை.
ராத்திரிக்கு ஆயிரம் திருப்புகிறாள்.

இப்போது பதினோராவது நோட்டு.
லிங்கராஜபுரத்து வாடகை தேதி தவறியதில்லை.
கல்யாண வீடுகளில் ஓசூர்ச் சித்தப்பா
இலையில் பாயசம் விழும் நேரம் பார்த்துக் கேட்பார்,
"இதெல்லாம் அதிர்ஷ்டம்தானே?"
திறமை என்பேன், சுருக்கென்று.
அந்த நாலு லட்சம் வராமலிருந்தால்
திறமை வந்து சேரும்வரை
எதைத் தின்றுகொண்டு காத்திருந்திருப்பேன்
என்பதை அவரிடம் சொல்வதில்லை.

தேவய்யாவுக்கு அது முன்பே வந்திருந்தது.
காத்திருக்கத்தான் காசில்லை.

போன மார்ச்சில் ஹென்னூர் ரோட்டில் பார்த்தேன்.
தண்ணீர் டாங்கர் ஓட்டுகிறான், இரண்டு சொந்தம்.
எந்த அபார்ட்மெண்ட்டில் எத்தனை மணிக்குத் தொட்டி வற்றும்
என்பதை விரல் நுனியில் வைத்திருக்கிறான்.
"ஜோடி ஆறு வந்தால் இப்போது என்ன செய்கிறாய்?"
"எதிரில் நீ இருந்தால் கவிழ்த்துவிடுவேன்."
சத்தமாகச் சிரித்தான்.
"அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்."

முதல் நோட்டின் முதல் பக்கத்தில்
அந்தக் கை இருக்கிறது, தப்பு என்ற சொல்லோடு,
என்று சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் ஹாரன்.
அவன் ஏறி உட்கார்ந்து கியர் போட்டான்.
வால்விலிருந்து ஒழுகிய தண்ணீர்
ரோட்டில் சரிவு எந்தப் பக்கமோ
அந்தப் பக்கமாக
கொஞ்ச தூரம் ஆறாகப் போனது.